இரண்டு சம்பந்திகளும் ஒரு கிராஸ் மெம்பரும்

தூத்துக்குடியில் உப்பளத்துக் காற்று நேரே வந்து முட்டும் இடத்தில் நாவல் மரத்துச் சந்து என்று ஒன்று உண்டு. அதில் நாவல் மரம் கிடையாது, ஆனால் எதிரெதிர் வீடுகளில் இரண்டு சம்பந்திகள் உண்டு, அவர்களுக்கு நடுவில் ஒரு கார் உண்டு, அந்தக் காரின் அடிவயிற்றில் இருந்த கிராஸ் மெம்பரைச் சம்பந்திகள் இருவரும் சேர்ந்து கழற்றிக் கீழே போட்ட செவ்வாய்க்கிழமை காலையில், இரண்டாவது காப்பிக்கும் குளிக்கப் போவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், அந்தச் சந்து அகலமாகத் தொடங்கியது.

தென்வரிசையில் இருந்தவர் ஆவுடையப்பன், பெண்ணைக் கொடுத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, கீழே ஒருவன் கையசைப்பதைப் பார்த்துப் பாரம் தூக்கியவர் என்பதால், பேச்சைவிடச் சைகையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். வடவரிசையில் இருந்தவர் நயினார், பெண்ணை எடுத்தவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கும், சுண்ணாம்புப் பொடியால் கோடு போடாத இடத்தில் நிற்க அவருக்குக் கால் கூசும்.

ஆவுடையப்பன் மகள் கோமுவை நயினார் மகனுக்குப் பேசி முடித்தபோது ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. புகுந்த வீடு எதிர்வீடு.

"எம்மவ செருப்ப மாட்டி முடிக்குமுன்ன புகுந்த வீடு வந்துரும். இது கல்யாணமா, கருவேப்பிலை வாங்கப் போறதா?" என்று ஆவுடையப்பன் மனைவி சங்கரவடிவு கேட்டாள். "பிள்ள கார்லதான் போகணும்."

"கார்லதான் வரணும்," என்று எதிர்வாசலில் இருந்து நயினார் மனைவி செண்பகமும் சொன்னாள். அந்த இரண்டு பெண்களும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வாடகைக் கார் கௌரவக் குறைச்சல் என்பதால் சம்பந்திகள் பாதிப் பாதி போட்டுப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார்கள். கோமு தென்பக்கக் கதவு வழியாக ஏறினாள், கார் கடற்கரைக்குப் போய், மாதா கோயிலைச் சுற்றி, உப்பளங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது, அவள் வடபக்கக் கதவு வழியாக இறங்கிப் புகுந்த வீட்டுக்குள் வலது காலை வைத்தாள்; சங்கரவடிவு தன் வீட்டு வாசலில் நின்ற இடத்திலேயே நின்று மகளை வழியனுப்பவும் செய்தாள், அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கவும் செய்தாள்.

பிறகு காரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இருவருக்கும் வாய் வந்தது, மனசு வரவில்லை. கிழக்கே பார்த்து நிற்கும் காரில் இடப்பக்கம் வடக்கு, அது நயினாருக்கு. வலப்பக்கம் தெற்கு, அது ஆவுடையப்பனுக்கு. அவரவர் பக்கத்து டயரை அவரவர் மாற்றினார்கள், அவரவர் பக்கத்துக் கண்ணாடியை அவரவர் துடைத்தார்கள். ஸ்டியரிங்கும் ஹாரனும் தெற்கே போய்விட்டதால் அதற்கு ஈடாக டிக்கியும் ஸ்டெப்னியும் முழுசாக வடக்குக்கு வந்தன. மேற்கே பார்த்து நின்றால் சொத்து கைமாறிவிடும் என்பதால், எங்கே போய்விட்டு வந்தாலும் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்து கிழக்கே பார்த்துத்தான் கார் நிற்கும்.

கிராஸ் மெம்பர் குறுக்கே கிடப்பது. வினை அங்கேதான் பிடித்தது.

இஞ்சின் ஒரு மாதிரி முனகுகிறது என்று மெக்கானிக் மச்சாதுவைக் கூப்பிட்டார்கள். அவர் காருக்கடியில் சறுக்கிப் போய் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். அது அல்வாவுக்குள் இறங்குவதுபோல இறங்கியது.

"அண்ணாச்சி, கிராஸ் மெம்பர் போச்சு. உப்புக்காத்து தின்னுட்டு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்க கெடக்கிற இரும்பு இது. இதுமேலதான் இஞ்சினே உக்காந்திருக்கு. இப்பிடியே ஓட்டுனா ஒருநா இஞ்சின் ரோட்டுல இறங்கிக்கிடும், நீங்க மட்டும் வீட்டுக்கு வருவீங்க."

"துரு எந்தப் பக்கம் கூட?" என்று சம்பந்திகள் இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

மச்சாது வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முகங்களையும் பார்த்தார். "நீங்களே கழத்துங்க. அளவு குடுங்க, புதுசு நான் அடிச்சுத் தாரேன். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படுக்கமாட்டேன்."

அவசரம் இருந்தது. கோமுவுக்கு ஏழாம் மாதம். அவள் புருஷன் கப்பலில் எங்கோ கடல்மேல் இருந்தான். ஆனி கடைசி வெள்ளியன்று புகுந்த வீட்டில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு, பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட வேண்டும். தவறினால் ஆடி வந்துவிடும். "ஆடில யாராவது பிள்ளைய அனுப்புவாகளா? பிரசவம் இங்கயே இருக்கட்டும், எங்களுக்கு என்ன கையி இல்லையா?" என்று செண்பகம் இப்போதே மாவு சலிக்கிற பக்குவத்தில் மெல்ல மெல்லச் சொல்லி வந்தாள். காரில் போன பெண் காரில்தான் திரும்பி வரவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பேதமில்லை. நடந்து வந்தால் துரத்திவிட்டார்கள் என்று சந்து பேசும்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காரைச் சந்தின் நட்டநடுவில் நிறுத்தினார்கள். நயினார் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, அது காருக்கடியில் புகுந்து மறுபக்கம் நேராக வெளிவருவதைக் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டார். ஆவுடையப்பன் சவுக்குக் கம்புகளை முக்காலியாகக் கட்டி, பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் இஞ்சினைத் தொங்கவிட்டார். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி அடியில் கட்டை கொடுத்தார். முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்ட போல்ட்டுகளை அவரவர் பக்கம் அவரவர் கழற்றினார்கள், ஒவ்வொன்று வெளியே வரும்போதும் நயினார் விசில் ஊதினார். கடைசி போல்ட்டும் வந்தவுடன் கிராஸ் மெம்பர் தரையில் விழுந்து, இரும்பு விழுந்த சத்தம்கூட இல்லாமல், செங்கல் பொடியாக உதிர்ந்தது. இஞ்சின் தொங்கியது, கார் நின்றது. சந்து மட்டும், விருந்து சாப்பிட்டுவிட்டு இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொள்ளும் ஆளைப்போல, ஒரு பெருமூச்சு விட்டது.

முதலில் கண்டுகொண்டது குழாயடி. தெருக்குழாய் தென்வரிசையில் இருந்தது. வடவரிசைப் பெண்கள் குடத்தோடு திரும்பும்போது வழக்கமாக வாசலில் முடியும் பேச்சு அன்று பாதிவழியிலேயே முடிந்து, மீதி வழியை அவர்கள் பேச்சில்லாமல் நடக்க வேண்டியிருந்தது. மறுநாள் அவர்கள் கூடுதலாக ஒரு வம்பு எடுத்துப் போனார்கள். அதற்கு மறுநாள் அதுவும் பற்றவில்லை. எதிர்வீட்டில் பேப்பர் இரவல் வாங்கப் போன ஒருவர் வெயிலில் கறுத்துத் திரும்பினார். எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மீன்குழம்பு போய்ச் சேரும்போது ஆறியிருந்தது, வாங்கிவந்த கருவேப்பிலை வரும்போது வாடியிருந்தது. மின்கம்பிகள் அறுந்துவிடவில்லை, மாவு பிசைந்து இழுத்ததுபோல அவை பாட்டுக்கு நீண்டன. இத்தனை இடம் எங்கிருந்து வருகிறது, பின்னால் இருக்கும் தெருக்கள் ஏன் நெருங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இடம் வரும்போது கணக்குக் கேட்பது நம் ஊர் வழக்கம் அல்ல.

பிறகு சந்து பழகிக்கொண்டது. இந்த வரிசையில் இருந்து அந்த வரிசைக்கு ஷேர் ஆட்டோ ஓடியது. பாதிவழியில் ஒரு டீக்கடை முளைத்தது. வடக்கே இருப்பவர்கள் தெற்கே இருப்பவர்களை 'அக்கரை ஆட்கள்' என்றார்கள், அக்கரை ஆட்களுக்குக் கொஞ்சம் திமிர் என்றும் சொல்லிக்கொண்டார்கள். இதுவரை சந்து முனையிலேயே திரும்பிப்போய்விடும் அம்மன் சப்பரம் முதல்தடவையாக உள்ளே வந்து, இரண்டு கரைக்கும் தரிசனம் கொடுத்து முடியாமல் நடுவில் தங்கிப்போனது. வார்டு கவுன்சிலர், சாலையை அகலப்படுத்தியதற்காகத் தனக்குத் தானே நன்றி தெரிவித்துத் தட்டி வைத்தார். மஞ்சள் கொடிகளோடு மனை விற்பவர்கள் வந்து கல் நட்டார்கள். நடுத்தெரு நகர், கடற்காற்று, உடனடிப் பத்திரம் என்று மைக்கில் கூவினார்கள். நயினார் சுண்ணாம்புப் பொடி மூட்டையோடு இறங்கி ஒரு கைப்பந்து மைதானம் போட்டார். வடகரை தென்கரைப் போட்டி என்று விசில் ஊதினார், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில், கம்பு முக்காலியில் இஞ்சின் தொங்க, வாயைப் பிளந்துகொண்டு கார் கிழக்கே பார்த்து நின்றது.

ஆவுடையப்பனுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. தினமும் காலையில் மகள் எதிர்வீட்டு மாடியில் வந்து நிற்பாள், அவர் தன் வாசலில் வந்து நிற்பார், இருவரும் பேசிக்கொள்வதில்லை, சைகைதான். அவள் சிறுமியாக இருந்தபோதே கிரேன் சைகைகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: சுட்டுவிரலை மேலே காட்டி வட்டம் போட்டால் தூக்கு, கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. பரண்மேல் இருக்கும் முறுக்கு டின்னை இறக்கச் சொல்லி அவள் விரலால் வட்டம் போட்டுத்தான் வளர்ந்தாள். இப்போதும் மாடியில் இருந்து இரவுச் சாப்பாடு இறங்கியதா, கால்வீக்கம் இறங்கியதா என்றெல்லாம் விரலால் சொல்லுவாள். ஆனால் நாளுக்கு நாள் அவள் சிறுத்துக்கொண்டே வந்தாள். முதலில் அவள் மூக்குத்தி தெரியாமல் போனது. பிறகு முகம். பிறகு ஒருநாள் அவள் வயிறு தெரியவில்லை. கூண்டில் உட்கார்ந்து எத்தனையோ பாரத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தவருக்கு இந்தப் பாரத்தைத் தூரத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. அரைக் கார் வைத்திருக்கிறவனுக்கு அரை மகள்தான் என்று யாரோ தீர்ப்பு எழுதிவிட்டார்களா, முதலிலேயே 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி' என்று சொல்லியிருந்தால் இந்தச் சந்து சந்தாகவே இருந்திருக்குமா என்று வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார். யோசித்துப் பிரயோசனமில்லை, புதிய கிராஸ் மெம்பர் வேண்டும்.

அளவு கொடுப்பதில்தான் கோளாறு ஆயிற்று. பழசு பொடியாகிவிட்டதால் வைத்துப் பார்க்க வழியில்லை. நடுக்கோட்டில் இருந்து தன் பக்கத்துத் துளைவரை ஆவுடையப்பன் அளந்து மச்சாதுவிடம் தனியாகக் கொடுத்தார். தன் பக்கத்தை நயினார் அளந்து தனியாகக் கொடுத்தார். மொத்தமாக ஒரே அளவு கொடுங்கள் என்று மச்சாது கெஞ்சிப் பார்த்தார். என் பாதிக்குத்தான் நான் பொறுப்பு என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அவர் இரண்டு பாதிகளாகவே செய்து, நடுவில் வெல்டிங் வைத்து, வளைகாப்பன்று காலையில் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அதை மாட்டப்போகிறார்கள் என்றவுடன் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் வந்தார், மனைக்காரர் வந்தார், கைப்பந்து ஆடுகிறவர்கள் வந்தார்கள்.

"அண்ணாச்சி, இத இப்பிடியே விட்டுருங்க. ஊரே நல்லா இருக்குல்லா?" என்றார் டீக்கடைக்காரர்.

"எம்மவ அங்க நிக்கா வே," என்றார் ஆவுடையப்பன்.

"நிக்கட்டும், எங்க போயிரப் போறா? ஆட்டோ ஓடுதுல்லா?"

"எம்மருமவளா? ஷேர் ஆட்டோவுலயா?" என்று நயினார் பாய்ந்தார். மைதானத்தை ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். தான் போட்ட கோடுகளை எல்லாம் பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வடக்குப் பக்கமாகக் காருக்கடியில் புகுந்தார். ஆவுடையப்பன் தெற்குப் பக்கமாகப் புகுந்தார். தலைக்குத் தலை இடிக்கும் தூரத்தில் சம்பந்திகள் இருவரும் மல்லாந்து கிடந்தார்கள்; கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

தென்பக்கத்து போல்ட்டுகள் வெண்ணெய்போல ஏறின. வடபக்கம் துளைக்குத் துளை சேரவில்லை. நாலு விரல்கடை குறைந்தது.

"உம்ம பாதி குறையுதுவே," என்றார் ஆவுடையப்பன். நல்ல நேரங்களில் 'நீங்க' என்று பேசுகிறவர், கோபம் வந்தால் 'நீர்' என்பார்.

"எம்பாதி சரியா இருக்கு. நடுக்கோட்டுல இருந்து ரெண்டு விரல் உள்ள தள்ளித்தான் அளந்தேன். அடுத்தவன் எடத்துல என் இரும்பு போவக்கூடாதுல்லா? பொறவு நீரு பேசுவீரு."

ஆவுடையப்பனும் அதே காரணத்துக்காக அதே இரண்டு விரலை விட்டுத்தான் அளந்திருந்தார். யாருக்கும் சொந்தமில்லாத நாலு விரல் இடம் இருவர் மூக்குக்கும் மேலே, வெல்டிங் தழும்பில், காணாமல் போயிருந்தது.

வடகரையில் இருந்து மைக்கில் செண்பகத்தின் குரல் வந்தது. மைக் மனைக்காரருடையது. "வளையல் அடுக்கியாச்சு. மணி ஆகுது. வாரதுன்னா வாங்க, இல்லன்னா பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போறேன்."

"நீள போல்ட்டு இருக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

"டிக்கில இருக்கு. டிக்கி என்னுது."

"தெரியும்வே, எடுத்துட்டு வாரும். துளை தேடி வராட்டி நாம இழுத்துக்கிடுவோம். அந்த முனையில நட்ட நீரு முறுக்கும், இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன்."

நயினார் நீள போல்ட்டைக் கோத்து நட்டை ஒரு சுற்று முறுக்கினார். சற்றுத் தள்ளி டீக்கடை பாய்லர் ஒரு குலுங்கு குலுங்கியது. இன்னொரு சுற்று. கைப்பந்து வலை தொய்ந்து தரையைத் தொட்டது. அவர் முறுக்க இவர் பிடிக்க, இவர் முறுக்க அவர் பிடிக்க, மஞ்சள் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன, மனைக்கற்கள் நகர்ந்து வந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டன, கவுன்சிலரின் தட்டி நாலாக மடிந்தது, நீண்டு கிடந்த கம்பிகள் சுருங்கிப் பழைய இடத்துக்கு வந்தன, டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்கு ஓடினார். காருக்கடியில் இருந்து பார்த்த ஆவுடையப்பனுக்கு இவை எதுவும் தெரியவில்லை. நயினாரின் தோளுக்கு மேலே புள்ளியாகத் தெரிந்த மாடி மட்டும் தெரிந்தது. புள்ளி வீடாயிற்று. வீட்டில் மாடி மறைந்து வாசல் தெரிந்தது. வாசலில் பட்டுப் புடவைக் கரை தெரிந்தது, கரைக்குக் கீழே மருதாணி வைத்த, கொஞ்சம் வீங்கிய இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"போதும் சம்பந்தி, சந்து பழையபடி ஆயிட்டு," என்றார் நயினார், மூச்சிரைக்க.

"இன்னும் மரை இருக்கு. அரை மரையில பாரத்த நிப்பாட்டக்கூடாது. எம்மவ உக்காரப்போற வண்டி."

நயினார் ஸ்பானரை மறுபடி நட்டில் மாட்டினார். "எம்மருமவளும் அதுலதான் உக்காருதா," என்று சொல்லி, நட்டு இரும்போடு ஒட்டும் மட்டும் முறுக்கினார்.

அப்புறம் நீள போல்ட்டை எடுத்துவிட்டுச் சரியான போல்ட்டைப் போட்டார்கள். காருக்கடியில் வெளிச்சம் குறைந்திருந்தது. பக்கவாட்டில் வெளியே வர வழியில்லை என்று தெரிந்து ஒருவர் முன்பக்கமாகவும் ஒருவர் பின்பக்கமாகவும் தவழ்ந்து வந்தார்கள். எழுந்து நின்று பார்த்தால், காருக்கு வடபுறம் ஒட்டினாற்போல நயினார் வீட்டு வாசல், தென்புறம் ஒட்டினாற்போல ஆவுடையப்பன் வீட்டு வாசல். இரண்டு வீட்டு வாசல் நிலைகளும் காரின் பின்கதவுகளுக்கு நேராக வந்து நின்றிருந்தன. சந்தின் மற்ற வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றபடியே எதிர்வீட்டுக்காரரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பன் செயின் பிளாக்கைப் பிடித்தார். கோமு கைநிறைய வளையலோடு வாசலில் நின்றாள். பேசினால் கேட்கும் தூரம்தான். ஆனாலும் அவள் சுட்டுவிரலைக் கீழே காட்டி மெல்ல வட்டம் போட்டாள், வளையல்கள் எல்லாம் சேர்ந்து வட்டம் போட்டன. அவள் விரல் நிற்கும் மட்டும் அவர் இஞ்சினை இறக்கினார். நாலு விரல் குறைந்த கிராஸ் மெம்பர்மேல் அது முனகாமல் உட்கார்ந்தது.

"எல்லாம் சரி," என்றாள் சங்கரவடிவு தன் வாசலில் இருந்து. "இந்த வண்டி எப்படி நகரும்?"

முன்னேயும் பின்னேயும் ஒரு விரற்கடைகூட நகர முடியாது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இரண்டு வீட்டுச் சுவர்களுக்குள் பதிந்திருந்தன.

"நகரணும்னு யாரு சொன்னா? கார்ல வரணும்னுதான் சொன்னீக," என்றாள் கோமு. வடபக்கப் பின்கதவைப் புகுந்த வீட்டு வாசலுக்குள் திறந்து, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "அப்பா, வண்டிய எடுங்க. மாமா, நீங்களும் ஏறுங்க. ராகுகாலம் வந்துரும்."

ஆவுடையப்பன் தென்பக்கப் பின்கதவு வழியாக ஏறி, இருக்கையைத் தாண்டி, முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நயினார் அதேபோல வடபக்கத்தில் இருந்து தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இஞ்சின் ஓடியது. ஆவுடையப்பன் ஹாரன் அடித்தார், நயினார் விசில் ஊதினார், செண்பகம் வேறு வழியில்லாமல் மஞ்சள் குங்குமம் கொடுத்து வழியனுப்பினாள், பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் கார் முறைப்படி புறப்பட்டது.

தென்பக்கக் கதவுக்கு நேரே சங்கரவடிவு ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். கோமு இறங்கவில்லை. இருக்கையின் நடுவில், அடியில் வெல்டிங் ஓடும் இடத்துக்கு நேர்மேலே, சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏட்டி, வீடு வந்துட்டு. இறங்கு."

"இப்ப ராகுகாலம்மா. ராகுகாலத்துல புறப்படத்தான் கூடாது, பிரயாணத்துல இருந்தா தப்பில்ல. முடிஞ்ச பொறவு இறங்குதேன்," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதில் குற்றம் சொல்ல யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வடபக்கத்தில் இருந்து செண்பகம் ஒரு கிண்ணத்தில் புளியோதரை நீட்டினாள். தென்பக்கத்தில் இருந்து சங்கரவடிவு இன்னொரு கிண்ணத்தில் முறுக்கு நீட்டினாள். நீட்டிய கைகள் இரண்டும் நடுவில் சந்தித்து, கொஞ்சம் தயங்கி, கிண்ணத்தை மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போயின. நயினார் விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மெல்லப் போங்க சம்பந்தி," என்று தணிந்த குரலில் சொன்னார்.

ஆவுடையப்பன் முன்னால் தொங்கிய கண்ணாடியைச் சற்றே திருப்பினார். அதில் மகளின் மூக்குத்தி தெரிந்தது, முகம் தெரிந்தது, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் வயிறு முழுசாகத் தெரிந்தது. அவள் தூங்கிவிட்டிருந்தாள். பள்ளம் மேடு எதுவும் அவளைக் குலுக்கிவிடக் கூடாது என்று, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவர் மிகவும் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்.